நூற்று எண்பத்தேழாம் பக்கம்

இப்போது நூற்று அறுபத்து மூன்று. அடையாளத்துக்கு வைத்திருந்த, கோயிலில் கொடுத்த பூசைத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவர் நாற்காலியில் சாய்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். அங்கிருந்து நூற்று எண்பத்தேழுக்குப் பன்னிரண்டு தாள். பன்னிரண்டு தடவை புரட்டினால் வந்துவிடும். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி, முன்னறை, நடு அறை, அடுப்படி, பின்வாசல் என்று ஒரே நேர்கோட்டில் இருக்கிறது. அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால் மூன்று நிலைப்படி தாண்டி அவருடைய முழங்காலும் புத்தகத்தின் கீழ்ப்பாதியும் தெரியும். முகம் தெரியாது. முகம் தெரியாததும் நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது வாங்கிய விளமீன், கண்ணெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, செதிள்தான் கொஞ்சம் தடித்தது. பிள்ளைகள் இரண்டும் மொட்டைமாடியில். செதிளைச் சுரண்டும் சத்தத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்காது என்பதால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்துகிறேன், காது கொடுக்கிறேன், மறுபடி இழுக்கிறேன். இந்த வேகத்தில் வெட்டினால் சாயங்காலம்தான் குழம்பு. பூனை மதில்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்று. புரட்டிவிட்டார்.

பதினேழு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிற மனிதர். துறைமுகத்தில் ஏழு மாடி உயரத்தில் உட்கார்ந்து கண்டெய்னரை இம்மி பிசகாமல் இறக்கி வைக்கிறவர், ஒரு தாளைப் புரட்ட விரலை நாக்கில் தொட்டு, ஓரத்தைத் தடவி, இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்துப் புரட்டுகிறார். நாவல் வாசித்ததே இல்லை. என்னுடையது என்று இல்லை, யாருடையதும். என் முதல் நாலு நாவலையும் பெட்டி பெட்டியாக பைக்கில் கட்டி, ஷிப்டுக்குப் போகிற வழியில் தபாலாபீசில் போட்டவர், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கு அதில் ஒரு வீம்பு. மன்னார்குடியிலும் திருச்சியிலும் துபாயிலும் என்னை வாசிக்கிறார்கள், வீட்டில் வாசித்தால் என்ன, வாசிக்காவிட்டால் என்ன என்று நினைத்துக்கொள்வேன். பொய். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் முதல் பிரதியை டிவி மேல் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் பத்து நாள் பார்த்துக்கொண்டே இருப்பேன். பதினோராம் நாள் எடுத்து அலமாரியில் வைத்துவிடுவேன். அட்டையில் மட்டும் அவர் பேர் இருக்கும், செலின் எட்வின் என்று. இந்த ஐந்தாவதையும் அப்படித்தான் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்தவர், யூனிபாரம்கூட மாற்றாமல் அதை எடுத்துப் புரட்டினார். கூட வேலை பார்க்கிற வின்சென்டின் வீட்டுக்காரி இரண்டே நாளில் வாசித்து முடித்துவிட்டு, அந்தக் கதையில் வருகிற மனுஷன் மாதிரி ஒருத்தர் உண்டா என்று வின்சென்டிடம் சண்டை பிடித்தாளாம். வின்சென்ட் இவரிடம் வந்து, அப்படி என்னதான்யா கதை என்று கேட்டிருக்கிறார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால் வாசிக்கிறார். எந்தப் புத்தகத்தை வாசிக்கக் கூடாதோ, அதைப் பார்த்து எடுத்திருக்கிறார்.

மூன்றா, நாலா? நடுவில் தண்ணீர் திறந்தேன், அப்போது ஒன்று போயிருக்கும். நாலு என்றே வைத்துக்கொள்வோம். நூற்று எழுபத்தொன்று. அங்கே இப்போது என் கதாநாயகி ரூபவதி ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. அந்த இடத்தை நான் நன்றாக எழுதியிருக்கிறேன். சொன்னால் என்ன, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். எழுதினேன் என்பதுகூடச் சரியில்லை, சொன்னேன். பிரிட்ஜ் மேல் போனை நிறுத்தி வைத்து, மைக்கை அமுக்கிவிட்டு, பெருக்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்ளும். வீட்டில் பேசுகிற பேச்சு வேறு, போனிடம் பேசுகிற பேச்சு வேறு. சின்னவன் ஜோவின் நான் கதை சொல்ல ஆரம்பித்ததும் அக்காவைக் கூப்பிட்டு, ஷெரின், அம்மா செய்தி வாசிக்காங்க, டிவியைக் குறை என்பான். அவன் சிரிக்கட்டும். காலையில் டிபனுக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் நடுவில் கொஞ்சம், இவர் இரண்டாம் ஷிப்டு கிளம்பின பிறகு கொஞ்சம், அப்படிச் சொல்லிச் சொல்லியே ஐந்து நாவல் முடித்திருக்கிறேன். ஐந்து. ஒன்றுகூடப் பாதியில் நிற்கவில்லை. திருத்துவது நான், பக்கம் கட்டுவது நான், அட்டைக்குப் படம் வரைவது ஷெரின், பார்சல் ஒட்டுவது ஜோவின், அச்சாபீசில் போய் மை பத்தவில்லை, திரும்ப அடி என்று சண்டை பிடிப்பதும் நான்தான். இத்தனைக்கும் இந்த வீட்டில் ஒருநாள் சோறு தப்பியதில்லை, ஒரு யூனிபாரம் அழுக்காகப் போனதில்லை. இதை யாரும் கேட்கவில்லை என்றாலும் நான் சொல்லிக்கொள்வேன். செதிள் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது, முழங்கையால் துடைத்தால் இன்னும் இரண்டு ஒட்டுகிறது.

எழுத ஆரம்பித்த புதிதில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பன்னிரண்டு வருஷம் இருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்ன வேணும்னாலும் எழுது, செலின். நம்ம வீட்ட மட்டும் எழுதாத." சரி என்றேன். அந்தச் சரியை நான் காப்பாற்றியது மாதிரி யாரும் எதையும் காப்பாற்றியிருக்க மாட்டார்கள். என் நாவல்களில் கடல் கிடையாது. துறைமுகம் கிடையாது, கிரேன் கிடையாது, உப்பளம் கிடையாது. தூத்துக்குடியில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள், நான் போயே இராத கும்பகோணத்திலும் ஊட்டியிலும் என் கதை ஆட்களைக் குடும்பம் நடத்த வைக்கிறேன். இதுவரை என் கதையில் ஒருத்திகூட மீன் வெட்டியதில்லை, எல்லாரும் கத்தரிக்காய்தான் நறுக்குகிறார்கள். ஏன் எழுதக் கூடாது என்று நான் கேட்கவில்லை. அவர் சில விஷயங்களைப் பேச மாட்டார். அவருடைய அம்மாவைப் பற்றிப் பேசவே மாட்டார். அவருக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது இறந்துபோனார்கள், நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே மாமி படம், வெள்ளைச் சேலை, உப்பளத்து வெயிலில் கறுத்த முகம், எதையோ பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்த மாதிரி ஒரு பார்வை. இப்போது அந்தப் படத்துக்கு அடியில்தான் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். எட்டு. இல்லை, ஏழு. கால் மாற்றிப் போட்டார், அதைப் புரட்டியதாக நினைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் நான் ஒன்றும் அறியாதவள். மன்னார்குடி டீச்சர் ஒருவர், என் எல்லா நாவலுக்கும் வரிந்துகட்டிக்கொண்டு கடிதம் எழுதுகிறவர், நூற்று எண்பத்தேழாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, இந்த நாலு வரிக்காக உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது, அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார். ரூபவதி படித்துக்கொண்டே இருக்கிறாள், வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை என்று நாத்தனார் போனில் குறை சொல்கிறாள், அதற்குப் புருஷன் பதில் சொல்கிற இடம். ஐந்து நிமிஷம் பூரித்துப் போயிருந்தேன். துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாலு வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இதை நான் எப்போது யோசித்தேன்? என் வரி ஒவ்வொன்றும் எந்த வேலைக்கு நடுவில் வந்தது என்று எனக்குத் தெரியும், இது தோசைக்கல் காய்ந்தபோது, இது ஜோவினுக்கு வயிற்றுவலி வந்த அன்று என்று சொல்வேன். இதற்கு ஒன்றும் ஞாபகமில்லை. போனில் பழைய பிரதியைத் தேடி எடுத்தேன், நான் திருத்துவதற்கு முன்னால் இருந்தது. நான் சொன்னது ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றிருந்தது, அங்கேதான் பால் பொங்குகிறது என்று அடுப்படிக்கு ஓடியிருக்கிறேன், மைக்கை அணைக்கவில்லை. அதற்குக் கீழே அந்த நாலு வரி. அதற்கும் கீழே, சரிக்கா வைக்கேன் ஷிப்டுக்கு நேரமாச்சு. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் தன் போனில் அக்கா மரியபுஷ்பத்திடம் பேசியிருக்கிறார். அந்த மதினி வீட்டில் பிள்ளைக்கு முதல் நற்கருணை கொடுத்த புதுநன்மை விருந்துக்கு நான் போகாத வாரம் அது. என்னைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்களோ, அவர் பதில் சொல்லியிருக்கிறார், அவர் சொன்னதையெல்லாம் என் போன் என் கதைக்குள் எழுதி வைத்துக்கொண்டது. ஜோவின் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். கடைசி வரியை ஏதோ உளறல் என்று அழித்தேன். மற்ற நாலையும் என்னுடையது என்று நினைத்து, மேற்கோள் குறி போட்டு, அட செலின், என்னமா எழுதியிருக்க என்று என்னையே மெச்சிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினேன்.

"அவள ஒண்ணும் சொல்லாதக்கா. அம்மா பலசரக்கு சுத்தி வந்த பேப்பரப் பிரிச்சுப் பிரிச்சு வாசிச்சா. அப்ப நாமதான் அம்மா சோறு, அம்மா சோறுன்னு எழுப்பி விட்டோம். இவளாவது உக்காந்து முடிக்கட்டும்."

மூன்று நாளாக அது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அரிசி களையும்போது ஓடுகிறது, இன்று பூசையில் நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போதும் ஓடியது. ஒரு பக்கம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பன்னிரண்டு வருஷமாக என் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் என் முதுகுக்குப் பின்னால் இப்படிப் பேசியிருக்கிறார். எந்த வாசகி எனக்கு இதைத் தந்துவிட முடியும்? மறுபக்கம் பயம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதைப் போட்டு உடைத்துவிட்டேன். அதுவும் எதை? அவருடைய அம்மாவை. கூடப்பிறந்த அக்காவிடம் தனியாகச் சொன்னதை இருநூறு பிரதி அடித்து, அவர் கையாலேயே தபாலில் போட வைத்திருக்கிறேன். ஒட்டுக்கேட்டு எழுதினாள் என்றுதான் நினைப்பார். போன் தானாக எழுதிக்கொண்டது என்றால் யார் நம்புவார்கள்? வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், மோர் வேணுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன். நேற்று ராத்திரி புத்தகத்தை ஒளித்து வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது, கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தேன். நான் எழுதிய புத்தகத்தை வாசிக்கிறவர் கையிலிருந்து நானே பிடுங்குவதா? அதுவும் இந்தக் கையிலிருந்து? பத்து நாள் பத்து நாளாக ஐந்து புத்தகத்துக்குக் காத்திருந்தவள் நான். திட்டினால் திட்டட்டும், வாசித்துவிட்டுத் திட்டட்டும். ஆனால் இனிமேல் எழுதாதே என்று சொல்லிவிட்டால்? அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாக, பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே, போதும் செலின் என்றால் அதற்குமேல் நான் எப்படி மைக்கை அமுக்குவேன்? குடலை எடுத்துப் பூனைக்குப் போட்டேன், அதுகூட உடனே வரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்து.

பதினொன்று. தலையை வெட்டித் தனியாக வைத்தாயிற்று, தலை அவருக்கு, நடுத்துண்டு பிள்ளைகளுக்கு. இப்போது நூற்று எண்பத்தைந்து. நாத்தனார் போன் பண்ணியிருப்பாள். அதில் நான் ஒரு வேண்டாத வர்ணனை வேறு வைத்திருக்கிறேன், சன்னல் வழியாக மழை பார்க்கிற மாதிரி ஒரு பத்தி, அதைத் தாண்டக் கொஞ்சம் நேரமாகும். அந்தப் பத்தியை எடுத்துவிடு என்று அச்சாபீஸ்காரர்கூடச் சொன்னார், கேட்கவில்லை, இன்று உதவுகிறது. மின்விசிறி டக் டக் என்கிறது. பன்னிரண்டு. மீனைக் கீழே வைத்துவிட்டேன். அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், வாசிக்கும்போது, சாப்பிடும்போது, பூசையில்கூட. அது நின்றுவிட்டது. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம்? இரண்டு நிமிஷம்? இது ஐந்தாவது இருக்கும். திரும்ப வாசிக்கிறார். மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கிறார். புத்தகம் மடியில் இறங்கியது. நிமிர்ந்து படத்தைப் பார்க்கிறாரோ என்னவோ, முகம் எனக்குத் தெரியவில்லை, கழுத்து மட்டும் மேலே போவது தெரிகிறது. எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். நடு அறை. அடுப்படி. நான் மீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏற்கனவே கழுவின துண்டை மறுபடி கழுவுகிறேன். என் முன்னால் செருப்பில்லாத இரண்டு கால். விரலை உள்ளே விட்டுப் புத்தகத்தை மூடிப் பிடித்திருக்கிறார்.

"நூத்தி எம்பத்தேழுல ஒரு தப்பு இருக்கு." என்றார். நான் ஏங்க என்று ஆரம்பித்தேன், போன், பால், மைக் என்று எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தது. அவர் கேட்கவும் இல்லை. படியில் உட்கார்ந்தார், வேட்டி நனைவதைக்கூடப் பார்க்காமல். "வந்த பேப்பரையெல்லாம் அம்மா வாசிக்க மாட்டா. நான் அக்காட்ட அவசரத்துல அப்படிச் சொல்லிட்டேன். பலசரக்குக் கடைக்காரர்ட்ட சொல்லி வச்சிருந்தா, தொடர்கதை வந்த பக்கமாப் பாத்துச் சுத்தித் தாங்கன்னு. அவரும் பாவம், வாராவாரம் தேடி எடுத்து அதுலதான் பருப்பு மடிச்சுக் குடுப்பாரு. ஒரு கதையில கடைசி வாரம் மட்டும் வரவே இல்ல. வேற எவனோ வீட்டுக்குச் சீனி சுத்திப் போயிருச்சு. முடிவு என்னாச்சுன்னு ஆஸ்பத்திரியிலகூடக் கேட்டா." மதில்மேல் இருந்த பூனை எப்போதோ இறங்கி வந்து குடலைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த பதிப்புல சரியாப் போடு. அம்மா பேரும் போடு. ரெஜினாள்."

நம்ம வீட்ட எழுதாதன்னு சொன்னீங்களே என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது, கையெல்லாம் மீன், துடைக்கவும் முடியவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தில் ஒரு அழுத்து அழுத்தினார், கன்னத்துச் செதிளும் அதோடு போயிற்று. பிறகு எழுந்து, இன்னும் இருபத்தைந்து பக்கம் இருக்கிறது, ரூபவதி பாஸாகிறாளா இல்லையா என்று இப்போது சொல்லிவிடாதே என்றார். நான் எதற்குச் சொல்லப்போகிறேன்? நிலைப்படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார். "குழம்பு ஆனாலும் சோறுன்னு கூப்பிட்டுராத."

அவர் போய் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் ஆட ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு வருஷம், ஐந்து நாவல், அதில் எனக்குக் கிடைத்த அத்தனை பாராட்டையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஆட்டத்துக்கு ஈடாகாது. நான் செலின் எட்வின். என் புத்தகத்தின் முடிவு தெரியாமல் ஒருத்தர் சோறு வேண்டாம் என்கிறார். புளியைக் கரைத்தேன், மிளகாய் அரைத்தேன், தலைத்துண்டை உடையாமல் தனியாக எடுத்து வைத்தேன். குழம்பு கொதித்து இறக்கும்போது ஜோவின் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, அம்மா சோறு என்றான். சத்தம் போடாதே என்று விரலை உதட்டில் வைத்தேன். அப்பா வாசிக்காவ, முடிக்கட்டும் என்றேன்.